ஒரு சிட்டிகை சாம்பிராணி

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் நின்று பாருங்கள். மேற்கேயிருந்து வரும் காற்று தோளில் கிடக்கும் துண்டைப் பறித்துக்கொண்டு போகும். ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து வரும் அந்தக் காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலையும் கொண்டுவருகிறது. அதே மலைத் தொடர் தெற்கே ஓடி முடியும் தறுவாயில் இன்னொரு வாசலை விட்டு வைத்திருக்கிறது. அதுதான் ஆரல்வாய்மொழி. அங்கேயும் காற்றுக்குக் குறைவில்லை. ஒரு குன்றுக்குக் காற்றாடிமலை என்றே பெயர். 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி, அந்த மலையில் திருவிதாங்கூர்ச் சிப்பாய்கள் ஒரு கைதியைச் சுட்டுக் கொன்றார்கள். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை அவர். கொல்லப்பட்டபோது பெயர் தேவசகாயம்.

மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரண்மனை உத்தியோகஸ்தர். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்ட டிலனாய் என்ற வீரர், பிறகு மகாராஜாவின் படைக்கே தளபதியானார் அல்லவா? அவருடைய சிநேகம் நீலகண்ட பிள்ளைக்குக் கிடைத்தது. சொத்து நஷ்டத்தால் மனமுடைந்திருந்தவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் தெய்வத்தை விடாத யோபுவின் கதையை டிலனாய் சொன்னார் என்பார்கள். 1745-இல் அவர் கணவாயைக் கடந்து, மகாராஜாவின் எல்லைக்கு அப்பாலுள்ள வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனாள்.

1749-இல் சிறை. கழுத்தில் எருக்கம்பூ மாலையிட்டு, எருமை மேல் பின்புறம் பார்க்க உட்கார்த்தி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று தென் திருவிதாங்கூரில் இன்றும் சொல்வார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இந்தப் பாடு.

இங்கே சரித்திராசிரியர்கள் சிலர் குறுக்கிடுகிறார்கள். மதத்துக்காகக் கொல்லுகிற மகாராஜா, கத்தோலிக்கரான டிலனாயைத் தளபதியாக வைத்துக்கொள்வாரா? ராஜத்துரோகம்தான் காரணம் என்பது அவர்கள் கட்சி. நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு விடை தேட ரோமாபுரி வரை போய்வர வேண்டியிருக்கிறது.

கி.பி. 112 வாக்கில் பிளினி என்ற ரோம மாகாண அதிபதி, கிறிஸ்தவர்களைப் பிடித்து மூன்று தடவை கேட்டான். சக்கரவர்த்தியின் சிலைக்கு முன்னால் கொஞ்சம் சாம்பிராணியும் மதுவும் வைத்து, கிறிஸ்துவைச் சபித்தவர்களை விட்டுவிட்டான். மறுத்தவர்களுக்கு மரணம். வேறு குற்றம் எதுவும் அவனுக்கு அகப்படவில்லை. அந்தப் பிடிவாதமே தண்டனைக்குப் போதும் என்று நினைத்தான். கார்த்தேஜில் 203-இல் பெர்ப்பெத்துவா என்ற இளந்தாயின் காலில் அவளுடைய தகப்பனாரே விழுந்து கெஞ்சினார், அவள் அசையவில்லை. எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 250-இல் டீசியஸ் சக்கரவர்த்தி, பலியிட்டதற்குச் சீட்டு வாங்கச் சொன்னபோது, பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய கெட்டிக்காரர்களும் உண்டு. உத்தியோகஸ்தர்கள் எந்தக் காலத்திலும் உத்தியோகஸ்தர்கள்தாமே!

ஆனால் அதே ரோமர்கள் யூதர்களிடம் இந்தச் சாம்பிராணியைக் கேட்கவில்லை. அது அவர்களுடைய பாட்டன் பூட்டன் மதம் என்று விட்டுவிட்டார்கள். தம்முடைய தெய்வங்களை விட்டுப் போனவன்மேல்தான் கோபம். டிலனாய்க்கும் தேவசகாயத்துக்கும் இருந்த வித்தியாசம் இதுதான். ஒருவர் வேற்று நாட்டார். மற்றவர் வீட்டுப் பிள்ளை.

தேவசகாயம் சிறையில் இருந்தபோது, 1750 ஜனவரியில், மார்த்தாண்டவர்மா தம் ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு அர்ப்பணம் செய்து, தாம் பத்மநாபதாசர் ஆனார். நாடே கோயில் சொத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு, 'அரசருக்கு அடங்குகிறேன், தெய்வத்தை மட்டும் விட்டுவிடுங்கள்' என்று ஒரு குடிமகன் சொல்ல இடம் ஏது? மகாராஜாவின் கண்ணுக்கு அது துரோகம். கைதியின் மனத்துக்கு அது விசுவாசம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 'திரும்பி வந்துவிட்டேன்' என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள். ஜனங்கள் எலும்புகளைப் பொறுக்கி எடுத்துக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 1756-இல் கொச்சி ஆயர் இந்தச் செய்தியை ரோமாபுரிக்கு எழுதி அனுப்பினார். அதே ரோமாபுரி 2022 மே 15-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அப்போது 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை விட்டுவிட்டு, வெறும் தேவசகாயம் என்றே அழைத்தார்கள்.