ஒரே சட்டம், இரு அளவுகோல்கள்: அமெரிக்காவில் இந்தியக் கணினிப் பணியாளரின் தற்காலிக நிலை

முன்னுரை

உலகமயமாக்கல் காலத்தில் திறன்சார் பணியாளர்களின் நாடுகடந்த பெயர்வு, 'மூளை வெளியேற்றம்' என்றோ தனிமனித முன்னேற்றம் என்றோ பேசப்பட்டு வருகிறது. முன்னது புறப்படும் நாட்டின் இழப்பையும், பின்னது புறப்படும் மனிதரின் ஆக்கத்தையும் முதன்மைப்படுத்துகின்றன. ஏற்கும் நாட்டின் சட்டம் இப்பெயர்வுக்கு அளிக்கும் வடிவம் இவ்விரண்டிலும் பின்தள்ளப்படுகிறது. அமெரிக்கா சென்ற இந்தியக் கணினிப் பணியாளரின் நிலையை அந்நாட்டுக் குடிவரவுச் சட்டங்களின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1965ஆம் ஆண்டுச் சட்டமும் 1990ஆம் ஆண்டுச் சட்டமும்

1946ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் குடியேற ஆண்டுக்கு 100 இடங்களையே ஒதுக்கியது. தேசிய இன அடிப்படையிலான இம்முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கி, உறவினர்க்கும் தொழில் வல்லுநர்க்கும் முன்னுரிமை அளித்தது. மருத்துவரும் பொறியாளரும் நிரந்தரமாகக் குடியேற இது வழிவகுத்தது.

1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் உருவாக்கிய எச்-1பி விசா தற்காலிகமானது. பட்டப்படிப்புத் தேவைப்படும் பணிகளுக்குரிய இவ்விசாவுக்கு நிறுவனமே விண்ணப்பிக்க வேண்டும். அதன் பொதுவான உச்சவரம்பு ஆறாண்டுகள். ஆண்டுக்கு 65,000 என்றிருந்த எண்ணிக்கை, 'ஒய்2கே' சீரமைப்புப் பணிகளாலும் இணைய வணிக வளர்ச்சியாலும் தேவை பெருகியபோது 1999ஆம் நிதியாண்டில் 1,15,000 ஆகவும், 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆகவும் உயர்ந்தது. 2004இல் மீண்டும் 65,000 ஆயிற்று. சந்தையின் தேவைக்கேற்ப இவ்வரம்பு கூடிக் குறைந்தது என்பது இதனால் விளங்கும்.

இரு அளவுகோல்கள்

எச்-1பி விசாவுக்கு நாடுவாரி வரம்பு இல்லை. ஆனால், வேலைவாய்ப்பு வழியாக ஆண்டுதோறும் வழங்கப்படும் ஏறத்தாழ 1,40,000 நிரந்தர வதிவுரிமைகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாகக் கிடைக்காது. இதுவும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியே. அதாவது, ஏறத்தாழ 9,800 இடங்கள். துணைவரும் குழந்தைகளும் இவ்வெண்ணிக்கையிலேயே அடங்குவர். பிறர் பயன்படுத்தாத இடங்கள் எஞ்சினால் மட்டுமே இது கூடும். ஆக, பணிக்கு அழைக்கையில் திறனையும், குடியமர்த்துகையில் பிறந்த நாட்டையும் ஒரே சட்டம் அளவுகோலாகக் கொள்கிறது.

ஒரே நாட்டினர் எல்லா இடங்களையும் பெற்றுவிடாமல் காப்பதே இவ்வரம்பின் நோக்கம் என்பர். எனினும், எச்-1பி பெறுவோரில் இந்தியரே பெரும்பான்மையர் ஆதலால், விண்ணப்பங்கள் தேங்கிக் காத்திருப்புப் பல்லாண்டுகளாக நீண்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், வதிவுரிமைக்குக் காத்திருப்போர் ஆறாண்டுகளுக்குப் பின்னரும் விசாவை நீட்டிக்க இடமளித்தது. காத்திருப்பின் காரணம் நீக்கப்படவில்லை; காத்திருப்பே சட்டப்படியான வாழ்நிலையாயிற்று.

குடும்பத்தின் மீதான தாக்கம்

இந்நிலையின் சுமையைக் குடும்பமும் ஏற்கிறது. இத்தகைய பணியாளரின் துணைவரில் ஒரு பகுதியினர்க்கு 2015இல்தான் வேலை செய்யும் அனுமதி கிடைத்தது. பெற்றோரைச் சார்ந்த விசாவில் வளரும் பிள்ளைகள் 21 வயதில் அத்தகுதியை இழக்கின்றனர். 2017இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, வேலை இழந்தவர்க்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசமே உண்டு.

முடிவுரை

திறன்சார் பெயர்வை எல்லைகள் தளர்ந்ததன் சான்றாக மட்டும் கொள்வது பொருந்தாது. எல்லை நுழைவாயிலிலிருந்து விலகி, குடியமர்வின் வாயிலுக்கு இடம்பெயர்ந்துள்ளது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. எனவே, எத்தனை பேர் சென்றனர் என்பதோடு, சென்றவர் எத்தனை ஆண்டுகள் தற்காலிகராகவே வைக்கப்பட்டனர் என்பதையும் புலம்பெயர்வு ஆய்வுகள் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.