நைஸ்: திட்டா இருந்து பாராட்டான ஒரு வார்த்தை

இந்த எபிசோடுல ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையோட வரலாறுதான். ஆனா ஒரு கடிதத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஷேக்ஸ்பியரோட ரோமியோ ஜூலியட், கடைசி அங்கம். ஜூலியட் சாகல, மருந்து குடிச்சு மயங்கிக் கிடக்கிறாங்கற தகவல் ரோமியோவுக்குப் போய்ச் சேரணும். பாதிரியார் லாரன்ஸ் கடிதம் எழுதி, ஜான்ங்கிற இன்னொரு பாதிரியார்கிட்ட குடுத்து அனுப்பியிருக்கார். வழியில, கொள்ளைநோய் இருந்த வீட்டுக்குள்ள ஜான் இருந்தார்னு சந்தேகப்பட்டு, ஊர் அதிகாரிங்க கதவை அடைச்சு முத்திரை வச்சுடறாங்க. கடிதம் போகவே இல்ல. அவர் திரும்பி வந்து அதை நீட்டும்போது லாரன்ஸ் பதறிப்போய்ச் சொல்றார், அந்தக் கடிதம் 'நைஸ்' ஆனது இல்லன்னு.

இன்னைக்கு இதைப் படிக்கிறவங்களுக்கு என்ன தோணும்? கடிதத்துல ஏதோ மோசமா எழுதியிருந்தார் போலன்னுதான். ஆனா அவர் சொன்னது, அது அற்ப சொற்பமான கடிதம் இல்ல, உயிர் சம்பந்தப்பட்டதுன்னு. இந்த ஒரு வார்த்தையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா, அந்தக் காட்சியோட பதற்றமே போயிடும்.

சரி, 'நைஸ்'க்கு 'அற்பம்'னு அர்த்தம் எப்படி வந்தது? இதோட வேர் லத்தீன்ல இருக்கிற 'நெஸ்கியுஸ்'. 'நெ'ன்னா இல்லை, 'ஸ்கிரே'ன்னா அறிதல். அறியாதவன்னு பொருள். சயன்ஸ்ங்கிற வார்த்தையும் அதே 'ஸ்கிரே'ல இருந்து வந்ததுதான்; அப்படிப் பார்த்தா ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. பழைய பிரெஞ்சு வழியா 1300 வாக்குல இங்கிலீஷுக்குள்ள வந்தப்போ 'நைஸ்'னா முட்டாள். சாஸர் காலத்துல ஒருத்தரை நைஸ்னு சொன்னா, அவர் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்!

அதுக்கப்புறம் இந்த வார்த்தை போகாத இடம் இல்ல. ஆடம்பரமா உடுத்தறவங்களைச் சொன்னாங்க. கூச்ச சுபாவத்துக்குச் சொன்னாங்க. எதுலயும் குறை கண்டுபிடிக்கிற ஆளுங்களைச் சொன்னாங்க. எதுக்கெடுத்தாலும் நுணுகிப் பார்க்கிறவன் நைஸ்னா, அவன் பார்க்கிற நுணுக்கமும் நைஸ்தானே? அப்படித்தான் 16-ம் நூற்றாண்டுல 'நுட்பமான', 'துல்லியமான'ங்கிற அர்த்தம் வந்து சேர்ந்தது. ரொம்ப நுண்ணிசா இருக்கிறது, கண்ணுக்குப் படாத அளவுக்குச் சின்னது, அதனால அற்பம். லாரன்ஸ் சொன்னது இந்தக் கிளைதான். ரெண்டு கருத்துக்கு நடுவுல இருக்கிற மெல்லிசான வேறுபாட்டை 'நைஸ் டிஸ்டிங்ஷன்'னு இன்னைக்கும் வக்கீல்களும் தத்துவக்காரர்களும் சொல்றாங்க. அது அந்தப் பழைய அர்த்தத்தோட மிச்சம்.

'இனிமையான', 'நல்ல'ங்கிற இன்றைய அர்த்தம் 18-ம் நூற்றாண்டுலதான் பரவலா வருது. வந்த வேகத்துல எல்லாத்தையும் தள்ளிட்டு உட்கார்ந்துடுச்சு. ஜேன் ஆஸ்டினோட நார்தாங்கர் அபி நாவல்ல இதை வச்சே ஒரு கிண்டல் இருக்கு. ஆஸ்டின் இறந்த பிறகு, 1817 கடைசியில வெளியான நாவல். கேத்தரின்ங்கிற பொண்ணு தனக்குப் பிடிச்ச கதைப் புத்தகத்தை நைஸ்னு புகழறா. ஹென்றி டில்னி விடுவாரா? நேர்த்தியைத்தான சொல்றே, அப்போ அது பைண்டிங்கைப் பொறுத்ததுங்கிற மாதிரி சீண்டறார். ஹென்றியோட தங்கச்சிதான் குறுக்க புகுந்து கேத்தரினைக் காப்பாத்தறா.

நூறு வருஷம் கழிச்சு, 1926-ல ஃபௌலர் எழுதின இங்கிலீஷ் பயன்பாட்டு அகராதி, இந்த வார்த்தை சாரமில்லாமப் போனதுக்குப் பழியைப் பெண்கள் மேலயே போட்டுச்சு. எனக்கு இது கொஞ்சமும் ஒப்பல. முட்டாள்ங்கிற அர்த்தத்துல இருந்து இத்தனை தூரம் வந்த வார்த்தையைப் பெண்கள்தான் கெடுத்தாங்கன்னு சொல்றது என்ன நியாயம்?

நம்ம ஊர்ல இந்த வார்த்தைக்கு இன்னொரு வாழ்க்கை. மாவை நைஸா அரைக்கச் சொல்றோம். கரகரப்பு இல்லாம, மெல்லிசா. அந்த நைஸ், இன்றைய 'நல்ல'ங்கிற அர்த்தத்தை விட பழைய 'நுண்ணிய'ங்கிறதுக்குப் பக்கத்துலதான் நிக்குது. அப்புறம், 'நைஸாப் பேசிக் காரியத்தைச் சாதிச்சுட்டான்', 'பில் வர்றதுக்குள்ள நைஸா நழுவிட்டான்'. அந்த ஆளை எந்த இங்கிலீஷ்காரரும் நைஸ்னு சொல்ல மாட்டார்.