காரீயம்: யார் வீட்டுப் பிள்ளையின் ரத்தம் கணக்கில் வந்தது?

உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை, சூளகிரி பக்கத்துத் திருவிழாக் கடைகளில் தொங்கும் பொம்மைகளைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் கம்பெனி பெயரே இருக்காது, ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் காலனிப் பிள்ளைகளின் கைக்கு வருபவை பெரும்பாலும் இவைதான். அந்தப் பளீர் மஞ்சளும் ஆரஞ்சும் எதனால் வந்தவை என்று கேட்டால், பதில் நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் பேசப்போவது காரீயம். பெயின்ட்டில் காரீயத்தைச் சேர்த்தால் நிறம் தூக்கலாக நிற்கும், சீக்கிரம் காயும், செலவும் குறைவு. அதனால்தான் முதலாளிகள் அதை விட மனம் வராமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அது குழந்தைகளைக் கொல்லும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த செய்தி அல்ல. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குழந்தைகள் கைகால் செயலிழந்து, பார்வை மங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள். லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904-ல் காரணத்தைச் சொன்னார்: வராந்தாக் கட்டைகளில் பூசிய பெயின்ட் வெயிலில் பொடியாகிக் குழந்தைகளின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகிறது. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் காரீய பெயின்ட் பூசக் கூடாது என்று 1922-ல் அந்த மாகாணம் சட்டம் போட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, வீட்டுக்குள் வெள்ளைக் காரீயம் பூசுவதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றியிருந்தது. அமெரிக்காவிலோ அதே காலத்தில் ஒரு காரீய கம்பெனி, தன் பெயின்ட்டை விற்பதற்காகக் குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டும் புத்தகங்களை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. உள்ளே போன காரீயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைக் குழந்தை உறிஞ்சும். மூளை வளரும் வயதில் அது செய்யும் கெடுதலைப் பிறகு திருப்ப முடியாது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு இன்னும் அதிகமாக உறிஞ்சும். தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கணக்கில், இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாலும் முட்டையும் தினமும் கிடைக்கும் வீட்டில் ஒரு பொம்மை செய்யும் கெடுதலும், ரேஷன் அரிசிக் கஞ்சி குடிக்கும் வீட்டில் அதே பொம்மை செய்யும் கெடுதலும் ஒன்றல்ல. சாதி நேராக விஷம் வைப்பதில்லை. தட்டில் என்ன விழுகிறது, அப்பன் எந்த வேலைக்குப் போகிறான் என்பதை அது முடிவு செய்கிறது. பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையிலிருந்து வரும் அப்பாவின் சட்டையில் வரும் தூசியும் பிள்ளையின் வாய்க்குத்தான் போகிறது.

தோழர்கள் படிக்க வேண்டிய பக்கம் ஒன்று நியூயார்க்கில் இருக்கிறது. அமெரிக்காவில் காரீயத் தொழில் முதலாளிகள் பழியைக் கறுப்பின, போர்ட்டோ ரிக்கத் தாய்மார்கள் மேல் போட்டார்கள்: பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்களாம். (நம் அங்கன்வாடிகளில் இந்த வசனத்தை நாம் கேட்டதில்லையா?) 1969-ல் கிழக்கு ஹார்லெமில் யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோ ரிக்க இளைஞர் அமைப்பு நகரச் சுகாதாரத் துறை அலுவலகத்தில் உட்கார்ந்து போராடி, சும்மா கிடந்த சோதனைக் கருவிகளைக் கேட்டு வாங்கியது. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைச் சோதித்தது. 1971-ல் காரீய பெயின்ட் நச்சுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1978-ல் வீட்டு பெயின்ட்டிலும் பொம்மைகளிலும் தடை வந்தது. கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து எழுந்தவர்கள் யங் லார்ட்ஸ். அதே கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தது.

இந்தியாவில் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்ட இடம் நமக்குப் பக்கத்து ஊர், பெங்களூர். ஆபிரகாம் ஜார்ஜின் ஜார்ஜ் அறக்கட்டளை சென்னை, பெங்களூர் உள்ளிட்ட நகரங்களில் ரத்தம் எடுத்துச் சோதித்து, முடிவை 1999 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த மாநாட்டில் வைத்தது. சோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் காரீயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. இன்று அமெரிக்கா எச்சரிக்கைக் கோடாக வைத்திருப்பது 3.5, உலக சுகாதார நிறுவனமோ ஆபத்தில்லாத அளவு என்று ஒன்றே கிடையாது என்கிறது. அடுத்த ஆண்டு, 2000 பிப்ரவரியில், நாடு முழுவதும் காரீயம் கலந்த பெட்ரோல் நின்றது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பாலிகானப்பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கான சாந்தி பவன் பள்ளியை 1997-ல் தொடங்கியதும் இதே ஜார்ஜ்தான். அவரது உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரு தனி மனிதரின் அறக்கட்டளை ரத்தம் எடுக்கும்வரை அரசு ஏன் எடுக்கவில்லை? ஆய்வு நடந்த இடங்களும் நகரங்கள்தான். எல்லையோரத் தொழிற்பேட்டைகளை ஒட்டிய காலனிகள் அந்தப் பட்டியலில் இல்லை.

பொம்மைக்கு வருவோம். 2007-ல் மேட்டல் கம்பெனி, பெயின்ட்டில் காரீயம் இருந்ததால் சீனாவில் செய்த பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. அமெரிக்கா அடுத்த ஆண்டே சட்டத்தை இறுக்கியது. இங்கே வீட்டு பெயின்ட்டில் 90 பிபிஎம்முக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிரிஸ்பேன் சட்டத்துக்கு 95 ஆண்டுகள் கழித்து! பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரி 1 முதல். அந்த பெயின்ட் விதி வீட்டு, அலங்கார பெயின்ட்டுக்கு மட்டும்தான். தொழிற்சாலைப் பயன்பாட்டு பெயின்ட் அதற்கு வெளியே நிற்கிறது. அங்கன்வாடிச் சறுக்குமரத்துக்கும் பள்ளி ஜன்னல் கம்பிக்கும் ஒப்பந்தக்காரர் எந்த டப்பாவைத் திறந்தார் என்று யார் பார்த்தது?

2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ரத்தத்தில் 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் காரீயம் உள்ள குழந்தைகள் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 27.5 கோடி. நம் ஒன்றியத்தில் எத்தனை பேர் என்று வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்கலாம். அங்கன்வாடிகளுக்கு வாங்கிய பொம்மைகளில் முத்திரை இருந்ததா, பூசிய பெயின்ட் எந்த வகை, ரசீது எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.