மலையேறிய மர ரயில்

வழவழப்பான தண்டவாளத்தில் வழவழப்பான இரும்புச் சக்கரம் செங்குத்தான மலையில் ஏறுமா? வழுக்கிவிடாதா? நீங்கள் இப்படி நினைத்தால் அது நியாயமே. அமெரிக்க மலைக்காடுகள் பலவற்றை வெகுகாலம் காத்து நின்றது அந்தச் சரிவுதான். வெட்டிய மரத்தைக் கீழே கொண்டுவர வழியில்லை.

வழி கண்டவர் மிச்சிகன் மாநிலத்தில் மரத்தொழில் நடத்திய எஃப்ரெயிம் ஷே. 1881-ல் காப்புரிமை பெற்றார். சாதாரண நீராவி எஞ்சினில் சில பெரிய சக்கரங்கள் மட்டுமே வண்டியை இழுக்கும். ஷே எஞ்சினில், பக்கவாட்டில் ஓடும் நீண்ட தண்டு ஒன்று பல்சக்கரங்களின் மூலம் எல்லாச் சக்கரங்களையும் சுழற்றுகிறது. இதனால் எஞ்சினின் எடை முழுவதும் பிடிமானமாகிறது. வேகம் குறைவு, இழுவை அதிகம்.

மேற்கு வர்ஜீனியாவில் காஸ் என்ற ஊரில், காகிதக் கம்பெனி ஒன்று 1901-ல் இருப்புப்பாதை போடத் தொடங்கியது. மறு ஆண்டில் மர அறுவை ஆலையும் ஓடியது. 100 அடிக்கு 11 அடி வரை ஏறும் பாதையில் ஷே எஞ்சின்கள் சென்று, சிவப்பு ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களை இறக்கி வந்தன. அவை காகிதக் கூழாகவும் பலகையாகவும் மாறின.

சில பத்தாண்டுகளில் அம்மாநிலத்தின் பழங்காடுகள் பெரும்பாலும் மொட்டையாயின. வெட்டிப் போட்ட கிளைகளில் தீப்பற்றி, பல இடங்களில் மண்ணின் மக்கும் எரிந்தது.

1960-ல் ஆலை மூடப்பட்டது. ரயில் மட்டும் பிழைத்தது. 1963 முதல் அதில் சுற்றுலாப் பயணிகள் ஏறுகிறார்கள். அம்மலைகளில் ஸ்புரூஸ் கன்றுகளை மீண்டும் நட்டு வருகிறார்கள்.

மலை ஏற முடியுமா என்பதற்குப் பல்சக்கரம் விடை சொன்னது. எவ்வளவு மரம் இறக்கலாம் என்பதற்கு மனிதர்தாம் விடை சொல்லவேண்டும், அல்லவா?