குழாய்க்குள் ஒரு சம்மட்டி

குழாயின் திருகைச் சட்டென்று மூடியதும், சுவருக்குள் யாரோ சம்மட்டியால் அடித்தாற்போல் 'டங்' என்ற ஓசை எழுவதைச் சில வீடுகளில் கேட்கலாம். குழாயில் காற்று புகுந்துவிட்டது என்பர் சிலர். குழாய் பழையதாகிவிட்டது என்பர் வேறு சிலர். ஆனால் காற்றே புகாத புதுக் குழாயிலும் இவ்வோசை எழக்கூடும். பொறியியலார் இதனை 'நீர்ச்சம்மட்டி' என அழைக்கின்றனர்.

ஓர் அங்குல விட்டமும் 20 மீட்டர் நீளமும் உள்ள குழாயில் ஏறத்தாழ 10 கிலோகிராம் நீர் இருக்கும். திருகு திறந்திருக்கும்போது அவ்வளவு நீரும் ஒருசேர ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று வழியை அடைத்தால் அந்த ஓட்டத்தின் உந்தம் எங்கே போகும்? திருகையும் குழாய்ச் சுவரையும் மோதி, அழுத்தமாக மாறுகிறது. அந்த மோதலே ஓசையாக நம் காதில் விழுகிறது.

இந்த மோதலை முதலில் வேலை வாங்கியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் டெர்பி நகரைச் சேர்ந்த கடிகாரம் செய்பவர் ஜான் வைட்ஹர்ஸ்ட். 1772ஆம் ஆண்டில் செஷயர் பகுதியிலுள்ள ஓல்டன் என்னும் இடத்தில் அவர் ஒரு கருவியை நிறுவினார். அங்கே சமையலறைக்கு ஒரு நீண்ட குழாய் வழியே நீர் வந்தது. வேலையாட்கள் திருகைத் திறந்து மூடும்போதெல்லாம், தடைபட்ட நீர் ஒரு வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு காற்றறைக்குள் பாய்ந்தது. அங்கு அமுங்கிய காற்று, அந்நீரை மேட்டிலிருந்த தொட்டிக்கு ஏற்றியது. எந்திரத்தை இயக்கவென்று தனியாக ஆள் தேவைப்படவில்லை. சமையலறை வேலையே போதுமானதாக இருந்தது!

வெப்பக்காற்றுப் பலூனால் 1783இல் புகழ்பெற்ற மாங்கோல்ஃபியே உடன்பிறந்தாருள் மூத்தவரான ஜோசஃப், 1796இல் பிரான்சில் இதனைத் தானே இயங்கும் கருவியாக்கினார். நீரோட்டம் வேகமெடுத்ததும் வால்வு தானாகவே மூடிக்கொள்ளும். மோதல் தணிந்ததும் தானாகவே திறக்கும். முட்டி முட்டி நீரை மேலேற்றியதால் அதற்கு ஆட்டுக்கடாவின் பெயர் அமைந்தது. மின்சாரமும் எண்ணெயும் இல்லாமல் இயங்கும் இத்தகைய கருவிகள் இன்றும் மலைப்பாங்கான சில ஊர்களில் பயன்படுகின்றன.

நகரங்களில் குடிநீர்க் குழாய்கள் பெருகியபோது அதே மோதல் பகையாயிற்று. மாஸ்கோ நகரில் பெருங்குழாய்கள் உடைந்தன. காரணம் அறிய நிக்கோலாய் ஷூக்கோவ்ஸ்கி 1897இல் அங்குள்ள நீரேற்று நிலையத்தில் 2, 4, 6 அங்குலக் குழாய்களை வைத்துச் சோதனைகள் நடத்தினார். 1898இல் முடிவுகளை வெளியிட்டார். திருகை மூடியதும் குழாயிலுள்ள நீர் முழுவதும் ஒரே கணத்தில் நின்றுவிடுவதில்லை. அழுத்த அலையொன்று திருகிலிருந்து பின்னோக்கி ஓடி, நீரைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டே செல்கிறது. நீரின் அடர்த்தி, அலையின் வேகம், குறைந்த நீரோட்ட வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால், கூடும் அழுத்தம் கிடைக்கும்.

இதே உறவை ஜெர்மானிய உடலியலறிஞர் யோஹன்னஸ் ஃபான் கிரீஸ் 1883இலேயே எழுதியிருந்தார். அவர் ஆராய்ந்தது குடிநீர்க் குழாயை அன்று. இரத்தக் குழாயில் ஓடும் நாடித் துடிப்பை! மருத்துவரும் பொறியாளரும் ஒரே விதியை வெவ்வேறு வழிகளில் அடைந்தனர்.

இரும்புக் குழாயில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர் எனக் கொள்வோம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை உடனே நிறுத்தினால், சுமார் 12 வளிமண்டல அழுத்தம் கூடுதலாக எழும். பிளாஸ்டிக் குழாயின் சுவர் நெகிழ்வதால் அலையின் வேகம் குறைவு, அடியும் குறைவு.

இங்கே காலம்தான் முக்கியம். 20 மீட்டர் இரும்புக் குழாயில் அலை போய்த் திரும்ப முப்பதில் ஒரு பங்கு நொடி ஆகும். அதற்குள் வழி அடைபட்டால் முழு அடியும் விழும். அதைவிட எவ்வளவு தாமதமாக மூடுகிறோமோ அவ்வளவுக்கு அடி தணியும். பல சுற்றுகள் திருகி மூடும் பழைய குழாய்களில் ஓசை குறைவாகவும், கால் சுற்றில் மூடுபவற்றிலும் துணி துவைக்கும் எந்திரத்தின் மின்வால்விலும் ஓசை மிகுதியாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

பரிகாரங்களும் இதிலிருந்தே பிறக்கின்றன. திருகை மெல்ல மூடுங்கள். சுவரில் ஆடும் குழாயை, இடையில் ரப்பர் வைத்துப் பட்டையால் இறுக்குங்கள். மின்வால்வுக்கு அருகில் காற்றறை ஒன்றை அமைக்கலாம். வைட்ஹர்ஸ்ட் பயன்படுத்திய அதே காற்றறைதான். நாளடைவில் அதிலுள்ள காற்று நீரில் கரைந்துவிடும். எனவே அவ்வப்போது நீரை வடித்து மீண்டும் காற்றை நிரப்ப வேண்டும். அடிப்பதற்குப் பதிலாகக் குழாய் ரீங்கரித்தால், திருகின் உள்ளே தேய்ந்த வாஷரைப் பாருங்கள். மோட்டாரை நிறுத்தியதும் அடி கேட்டால், நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு தாமதமாக மூடுகிறது என்று ஐயுறலாம்.

ஓசைதானே என்று விட்டுவிடுதல் நன்றன்று. ஒவ்வோர் அடியும் குழாயின் இணைப்புகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துகிறது. சுவருக்குள் கசிவு தெரியவருவதற்கு முன்பே, அந்த ஓசை நம்மை எச்சரித்துக்கொண்டிருக்கிறது.