பென் ஜான்சனின் பன்னிரண்டு ஆண்டுகள்

ஷேக்ஸ்பியரை அறியாதார் நம்மிடையே இலர். அவர் காலத்து ஆங்கில மேடையில் அவருக்கு அடுத்து வைத்து எண்ணப்படும் பென் ஜான்சனை அறிந்தோர் சிலரே. அச்சிலரிலும், அவர் பன்னிரண்டு ஆண்டுகள் கத்தோலிக்கராக வாழ்ந்தவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலர். கத்தோலிக்க எழுத்தாளர் வரிசையில் அவரை நாம் சேர்ப்பதில்லை. இறுதிவரை நிலைத்திராதவர் அல்லவா! ஆயினும் அந்த ஆண்டுகளைச் சற்றே நோக்குவோம்.

1572-இல் பிறந்தவர் ஜான்சன். அவருடைய தந்தை கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சியில் சிறைப்பட்டுச் சொத்திழந்து, பின்னர் சீர்திருத்தச் சபையின் போதகரானவர். மகன் பிறக்க ஒரு மாதம் இருக்கையில் இறந்தார். தாயின் இரண்டாம் கணவர் கொத்தனார். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் வில்லியம் கேம்டன் என்னும் பேரறிஞரிடம் கற்ற லத்தீனே ஜான்சனுக்கு வாய்த்த செல்வம்.

அந்த லத்தீன் அவர் உயிரையும் காத்தது. 1598 செப்டம்பரில் கேப்ரியல் ஸ்பென்சர் என்னும் நடிகரை வாட்போரில் கொன்று சிறை புகுந்தார். படிக்கத் தெரிந்த கைதி மறைநூல் வசனமொன்றைப் படித்துக் காட்டினால், குருக்களுக்குரிய சலுகையால் தூக்கிலிருந்து தப்பலாம் என்பது அன்றைய சட்டம். வழக்கமாகத் தரப்பட்டது திருப்பாடல் 51-இன் தொடக்கம். இரக்கத்தை இறைஞ்சும் அதே திருப்பாடல்! ஜான்சன் பிழைத்தார். உடைமைகள் பறிமுதலாயின, பெருவிரலில் சூடு போடப்பட்டது.

அச்சிறையில் தம்மைச் சந்தித்த குருவானவர் ஒருவரின் சொல்லை நம்பி அவர் கத்தோலிக்கரானார். இதில் ஆதாயம் எதுவுமில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அரசின் சபை வழிபாட்டுக்கு வராதவருக்கு அபராதம். குருக்களுக்குப் புகலிடம் தருவோருக்கோ மரணம்.

1603-இல் லண்டனைக் கொள்ளைநோய் வாட்டியபோது அவர் கேம்டனுடன் நாட்டுப்புற மாளிகையொன்றில் தங்கியிருந்தார். ஏழு வயது மூத்த மகன், நெற்றியில் இரத்தச் சிலுவைக் குறியோடு கனவுபோல் தோன்றினான். அது மனமயக்கமே என்று கேம்டன் தேற்றினார். பின்னர் மனைவியின் கடிதம் வந்தது. மகன் நோயில் இறந்திருந்தான். அவனைப் பற்றி ஜான்சன் எழுதியவை பன்னிரண்டே வரிகள். கடனாகப் பெற்ற பிள்ளையைக் குறித்த நாளில் திருப்பிச் செலுத்தியதாக அதில் கணக்குப் பார்க்கிறார். நாடகங்களில் எவரையும் விட்டுவைக்காமல் எள்ளும் மனிதர் இங்கே குரல் தாழ்த்துகிறார். அவருடைய எழுத்தில் இதுவே தலையாயது என்பது நம் எண்ணம்.

1605 அக்டோபரில் ராபர்ட் கேட்ஸ்பியுடன் அவர் விருந்துண்டார். நவம்பர் 5-இல் மன்னரையும் பாராளுமன்றத்தையும் வெடிமருந்தால் தகர்க்கும் சதி வெளிப்பட்டது. அதன் தலைவர் அதே கேட்ஸ்பி! இரண்டு நாளில் அரசவை ஜான்சனை அழைத்து, குரு ஒருவரைத் தேடிக் கொணரப் பணித்தது. தேடியும் கிடைக்கவில்லை என அவர் எழுதினார். அக்கடிதத்தில் ஒலிப்பது அரசுக்குப் பணியும் குரலே. அதனை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1606 ஜனவரியில், அவர் இயற்றிய திருமணக் கூத்தொன்று அரண்மனையில் நடந்த அதே மாதத்தில், நற்கருணை வாங்காதவர் என்று ஆங்கிலச் சபையின் நீதிமன்றத்தில் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. கத்தோலிக்கர் என்ற பெயரே ஆபத்தாயிருந்த அந்நாட்களிலும் அவர் உடனே மாறிவிடவில்லை. பேராசையை நகையாடும் 'வால்போனி' நாடகத்தை ஐந்தே வாரங்களில் எழுதியதும் அக்காலத்தில்தான்.

1610 அளவில் ஆங்கிலச் சபைக்கே திரும்பினார். மீண்டும் சேர்ந்த அன்று கிண்ணத்து இரசம் முழுவதையும் குடித்தாராம்.

1618-இல் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு நடந்தே சென்ற ஜான்சன், கவிஞர் வில்லியம் டிரம்மண்டின் விருந்தினராகி மனம்விட்டுப் பேசினார். மதம் மாறியதும், மகனைக் கண்டதும், கிண்ணத்தைக் காலி செய்ததும் டிரம்மண்டின் குறிப்புகளால் நாம் அறிபவை. ராபர்ட் சவுத்வெல்லைப் பற்றியும் பேச்சு வந்தது. 1595-இல் டைபர்னில் தூக்கிலிடப்பட்ட இயேசு சபைக் குரு அவர், கவிஞர், 1970-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புனிதராக அறிவித்தவர். அவருடைய 'எரியும் குழந்தை' என்னும் சிறு கவிதையைத் தாம் எழுதியிருந்தால், தம் கவிதைகள் பலவற்றை அழித்துவிடவும் இசைந்திருப்பதாக ஜான்சன் கூறினார். அப்போது அவர் நம் திருச்சபையை விட்டு எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.