பல்கலைக்கழகப் புகுமுகமும் பள்ளிப் படிப்பும்: ஈழத்துக் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

பள்ளிக்கூடத்திற் பயில்வது ஒன்று. பல்கலைக்கழகம் புகுவதற்குத் தோற்றும் பரீட்சை பிறிதொன்று. இவ்விரண்டையும் ஒரே காலத்திற் சுமக்கும் மாணவனின் இடர்ப்பாடு இக்காலத்துக்கே உரியதெனப் பலர் கருதுவர். பிள்ளை காலையிற் பாடசாலைக்கும் மாலையில் தனியார் வகுப்புக்கும் ஓடுவதைக் காணும் பெற்றோர், தம் காலத்தில் இந்நிலை இருந்ததில்லை எனக் கூறி வருந்துவதும் உண்டு. ஈழத்துக் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து இக்கருத்து முழுவதும் பொருந்துவதன்று என்பது புலனாகும். சுமையின் அளவு மிகுந்துள்ளதேயன்றி, அதன் தோற்றம் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. கற்பிப்பவர் ஒருவராகவும் பரீட்சிப்பவர் வேறொருவராகவும் என்று பிரிந்தனரோ, அன்றே இவ்விடர் தொடங்கிற்று எனலாம்.

அப்பிரிவுக்கு முந்திய நிலையைக் காண விரும்புவோர் வட்டுக்கோட்டைச் செமினரியை நோக்குதல் வேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் நிறுவிய அக்கலாசாலை 1855ஆம் ஆண்டில் மூடப்படுங்காறும் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம், தத்துவம் முதலியவற்றைக் கற்பித்தது. கற்பித்த ஆசிரியரே பரீட்சித்தனர். வெளியிலுள்ள எந்தப் பல்கலைக்கழகத்தின் பாடவிதானமும் அதனைக் கட்டுப்படுத்தவில்லை. எனினும், 1857ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபொழுது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியின் மாணவர்களேயாவர். அவர்கள் அங்குப் பயின்ற காலத்தில் அப்பல்கலைக்கழகமே இருக்கவில்லையாதலின், அதன் பரீட்சைக்கென அங்கே தனி ஆயத்தம் எதுவும் நிகழ்ந்திருத்தல் இயலாது. செவ்வையாகக் கற்ற கல்வியே பின்னர்ப் பரீட்சைக்கும் உதவியது. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்துத் தாமோதரம்பிள்ளை தமிழுக்குச் செய்த பணி, எப்பரீட்சையும் வேண்டிய ஒன்றன்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை மாறிற்று. 1869ஆம் ஆண்டிலே பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அதனையடுத்து, மாணவர் பெறும் பெறுபேற்றுக்கேற்பப் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பரிசோதகர் முன்னிலையில் எத்தனை மாணவர் சித்தியெய்தினர் என்பதே பாடசாலையின் வருவாயை நிருணயித்தது. 1880ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளும், 1882ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளும் இலங்கையில் இடம்பெறலாயின. வினாத்தாள் இங்கிலாந்திலே தயாராயிற்று. விடைத்தாள் கப்பலேறி அந்நாட்டுக்கே சென்றது. பரீட்சகர் மாணவனின் முகத்தையோ, அவன் வாழும் ஊரையோ, அவன் வீட்டிற் பேசும் மொழியையோ அறியார்.

இதனால் உயர்வகுப்பு மாணவனுக்கு இரண்டு கடமைகள் ஏற்பட்டன. ஒன்று பாடசாலை வகுத்த பாடங்களைப் பயிலுதல். மற்றது மற்றிக்குலேசன் வேண்டிய பாடங்களை நிரப்புதல். இலத்தீனும் ஆங்கில இலக்கியமும் இங்கிலாந்தின் வரலாறும் முன்னிடம் பெற்றன. தாய்மொழியும் தாய்நாட்டு வரலாறும் பின்தங்கின. சைவ மக்கள் தம் பிள்ளைகளுக்கென நிறுவிய ஆங்கிலப் பாடசாலைகள் இவ்விடரை இருமடங்காக உணர்ந்தன. 1872ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடக்கியதும், 1890ஆம் ஆண்டிற் சைவ பரிபாலன சபையார் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றதும் சமயச் சூழலில் ஆங்கிலக் கல்வி அளிக்கும் நோக்கத்தினாலாகும். ஆயினும் அந்நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும், பரீட்சைப் பெறுபேறு குறையின் மாணவர் வேறு கல்லூரியை நாடுவர். ஆகவே தேவாரமும் தமிழும் கற்பிக்க வேண்டிய பாடசாலை, கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கும் ஆயத்தஞ் செய்ய வேண்டியதாயிற்று.

இக்குறையைத் தெளிவாகக் கண்டவர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஒருவர். 1870ஆம் ஆண்டிற் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குச் சென்றவர் அவர்; பரீட்சை முறையின் பயனை முழுவதும் நுகர்ந்தவர். அவரே 1906ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 1921ஆம் ஆண்டிற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. எனினும் அக்கல்லூரி சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமை பெறவில்லை. இலண்டன் பட்டப் பரீட்சைக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. கற்பிப்போர் கொழும்பிலும் பரீட்சிப்போர் இலண்டனிலும் இருந்த நிலை மேலும் இருபதாண்டு நீடித்தது.

இக்காலப்பகுதியில் இச்சுமையை மாணவர் மட்டுமன்றி ஆசிரியரும் சுமந்தனர் என்பதை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் விரித்துரைப்பதில்லை. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு தொடக்கம் கல்லூரியிற் பயிலாதவர்க்கும் தன் பட்டப் பரீட்சையைத் திறந்துவிட்டது. இதனால் பகலில் வகுப்பறையிலே கற்பித்தும், இரவில் விளக்கொளியிலே இன்ரர் ஆட்ஸ் பாடங்களைக் கற்றும் வெளிவாரிப் பட்டதாரிகளான ஆசிரியர் இந்நாட்டிற் பலர் தோன்றினர். பாடசாலைக் கடமையையும் பரீட்சை ஆயத்தத்தையும் ஒருங்கே நடத்துவதன் அருமையை அவர்கள் தம் வாழ்விலேயே கண்டனர். அன்று கற்றதை மறுநாள் வகுப்பிற் கற்பித்தவர்க்கு இரண்டும் ஒன்றற்கொன்று துணையாயின. கற்பித்த பாடம் ஒன்றாகவும் கற்ற பாடம் வேறாகவும் அமைந்தவர்க்கோ இரண்டும் பகையாயின. மாணவர் நிலையும் இதுவே.

1942ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆந் தேதி இலங்கைப் பல்கலைக்கழகம் சேர் ஐவர் ஜெனிங்ஸின் தலைமையிலே தோன்றியபோது 904 மாணவர் அதிற் பயின்றனர். பல்கலைக்கழகமே தன் புகுமுகப் பரீட்சையை நடாத்தியது. எச்.எஸ்.சி. வகுப்புப் பாடங்களும் புகுமுகப் பாடங்களும் பெரிதும் இணைந்திருந்தன. விஞ்ஞான மாணவர்க்குச் செய்முறைப் பரீட்சையும் இருந்தமையால், ஆய்வுகூடத்திற் செலவிட்ட பொழுது வீண்பொழுதாகத் தோன்றவில்லை. 1945ஆம் ஆண்டிலே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் பல்கலைக்கழக வாயிலை நாடலாயிற்று. வாயிலை நாடியோர் தொகை பெருகிய அளவுக்கு வாயில் அகலவில்லை. பிற்காலத்து இடர்கள் அனைத்துக்கும் இதுவே வேராகும்.

1964ஆம் ஆண்டு முதல், திணைக்களம் நடாத்திய க.பொ.த. உயர்தரப் பரீட்சையே புகுமுகத்துக்கும் அடிப்படையாயிற்று. செய்முறைப் பரீட்சை காலப்போக்கிற் கைவிடப்பட்டது. ஆய்வுகூடக் கதவுகளும் பல இடங்களில் மெல்ல மூடின. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974ஆம் ஆண்டில் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. முயன்று பெற்ற புள்ளியே முடிவானது என்ற நம்பிக்கை குலைந்தபோது, தமிழ் மாணவரிடையே எழுந்த மனக்கசப்பு கல்வித்துறையோடு நில்லாது நாட்டின் அரசியலையே தாக்கிற்று. போதிய வசதியற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு வாய்ப்பளித்தது என்பதும் உண்மையே. 2001ஆம் ஆண்டு முதல் இசற் புள்ளி முறை பின்பற்றப்படலாயிற்று.

பாடசாலை வேலைக்கு மதிப்பளிக்கும் முயற்சிகள் செய்யப்படாமலும் இல்லை. 1970களிற் செய்த சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள் பாடவிதானத்திற் புகுத்தப்பட்டன. 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தின்பின் பழைய க.பொ.த. முறையே மீண்டது. 1990களின் இறுதியிற் பாடசாலைமட்டக் கணிப்பீடு வந்தது; ஆனால் அதன் புள்ளி பல்கலைக்கழகத் தெரிவிற் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்படாத புள்ளிக்காக உழைக்கும் மாணவர் எத்தனை பேர்? தெரிவிற் பயன்படாத எதுவும் வகுப்பறையில் நிலைபெறாது என்பதையே இவ்வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகின்றது.

தனியார் வகுப்பின் பெருக்கத்தையும் இவ்வொளியிலேயே நோக்குதல் தகும். அங்குப் பரீட்சை ஒன்றே நோக்கம்; ஆதலின் மாணவர் அதனை நாடுவதிற் புதுமையில்லை. ஆனால் பாடசாலை தருவனவற்றைத் தனியார் வகுப்புத் தருவதில்லை. மாணவர் மன்றத்தில் எழுந்து பேசும் துணிவும், விளையாட்டிலே தோல்வியைத் தாங்கும் திண்மையும், நூலகத்திலே பாடத்துக்குப் புறம்பான நூலை எடுத்துப் படிக்கும் ஆவலும் தவணை தோறும் தேய்ந்து வருகின்றன. பரீட்சையில் இடங்கிடையாத பெரும்பான்மையோர்க்கு எஞ்சுவன இவையே என்பதை மறத்தலாகாது.

வரலாறு தரும் படிப்பினை யாது? பரீட்சையைப் பழித்தல் பொருந்தாது. செல்வமும் செல்வாக்கும் இல்லாதவன் அதனாலேயே உயர்ந்தான். ஆயினும் பாடசாலை வேலையும் பரீட்சை ஆயத்தமும் இரண்டாகப் பிரிந்து நிற்கும்வரை மாணவன் ஒன்றையேனும் இழப்பான். ஆசிரியர் தம் வகுப்பிலேயே பாடத்தை முற்றக் கற்பிப்பாராயின், தவணைப் பரீட்சையும் கட்டுரைப் பயிற்சியும் செய்முறையும் இறுதிப் பரீட்சைக்கு உரிய படிகளாகவே அமையும். மாணவரும் அன்றன்றைப் பாடத்தை அன்றன்றே கற்பாராயின், ஈற்றாண்டிலே வேறொரு கல்வியைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. தெரிவுமுறையை வகுப்போரும் பாடசாலையிற் செய்த வேலைக்கு அதில் ஓர் இடம் அளித்தல் வேண்டும். மூன்று சாராரும் ஒன்றுபட்டாலன்றி இப்பழைய பிணி தீராது.